எழவுக்கு ஆகாத பக்கம்

தூத்துக்குடியில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது அந்த இசையின் முதல் பத்து வினாடியை வாயால் முனகிக் காட்டுங்கள். "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்பார்கள். அது எங்கள் ஊருக்கு எழவு மியூசிக். 1986 முதல் 2010 வரை, கிளாட்வின் சவுண்ட் சர்வீஸ் ஆட்டோ மரண அறிவிப்போடு தெருவுக்குள் திரும்பினால், இறந்தவரின் பெயர் காதில் விழுவதற்கு முன் அந்த இசை விழும். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும்.

அது ஜெர்மனியில் ஒருவர் தன் வீட்டு நிலவறையில் தனியாக உட்கார்ந்து செய்த ஆல்பத்தின் தொடக்கம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மொத்தம் ஐம்பது கேசட்தான் அவர் போட்டார், அதில் ஒன்று இங்கே வந்து சேர்ந்தது என்பதும் தெரியாது. தெரிய வந்தபோது அந்தக் கேசட் கிளாட்வின் அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருந்தது. அண்ணாச்சி கல்லறைக்குள் இருந்தார். பையில் வைத்தவன் நான்.

என் பெயர் வேல்ராஜ். பழைய துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஆம்ப்ளிபயர், டேப் டெக் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எடைத் தராசுதான் அதிகம் வருகிறது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு 1990-இல் அண்ணாச்சியிடம் மெக்கானிக்காகச் சேர்ந்து, அவர் தொழிலை மூடும்வரை இருபது வருடம் கூடவே இருந்தேன்.

வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எழவு வீட்டிலிருந்து ஒரு சீட்டு வரும். பெயர், தெரு, யாருடைய தகப்பனார், எத்தனை மணிக்கு அடக்கம். ஒரு டெக்கில் ஜெர்மன் கேசட் ஓடும். அண்ணாச்சி மைக்கில் சீட்டை வாசிப்பார். இரண்டையும் மிக்சரில் கலந்து இன்னொரு டெக்கில் புதுக் கேசட்டில் பதிவேன். அந்தப் புதுக் கேசட்தான் ஆட்டோவில் போகும். வாசிப்பு நாலு நிமிடத்தில் முடியும். தெரு முனைக்கு வந்ததும் டிரைவர் கேசட்டைத் திருப்பிச் சுற்றி, அடுத்த தெருவுக்கு முதலிலிருந்து போடுவார்.

அடக்கம் முடிந்ததும் அந்தக் கேசட்டை எழவு வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். இது அண்ணாச்சி போட்ட சட்டம். "ஒருத்தன் பேரைச் சொன்ன நாக்கு பரவால்ல, இன்னொருத்தன் பேரையும் சொல்லும். கேசட்டு அப்பிடி இல்ல. அது அவனோடது" என்பார். அழித்து மறுபடி பயன்படுத்தினால் செலவு மிச்சம் என்று நான் ஒரு முறை சொல்லப்போய் வாங்கிக்கட்டிக் கொண்டேன். பல வீடுகளில் அந்தக் கேசட் பீரோவில், இறந்தவரின் மூக்குக் கண்ணாடியோடு இருந்தது.

இசை ஏன் எழவுக்குப் பொருந்தியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் ஸ்வரத்தை எழுப்பும் மின்சுற்றுக்கு ஆஸிலேட்டர் என்று பெயர். இரண்டு ஆஸிலேட்டர்களை ஒரே ஸ்வரத்தில் வைத்து, ஒன்றை மட்டும் மயிரிழை விலக்கி வைத்தால், இரண்டும் சேர்ந்து ஒலி பெருக்கும், சிறுக்கும், மறுபடி பெருக்கும். அழுது ஓய்ந்தவர் மூச்சு விடுவது போல இருக்கும். அதன் அடியில் எட்டு ஸ்வரங்கள் வட்டமாக ஓடும். அதை யாரும் விரலால் வாசிப்பதில்லை. சீக்குவென்சர் என்ற கருவியில் எட்டுத் திருகுகளைத் திருகி வைத்துவிட்டால் நிறுத்தும்வரை அதுவே ஓடிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பில்டர். அடைத்த கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே பேசுவது மொத்தையாகக் கேட்கும், கதவு திறக்கத் திறக்கத் தெளியும் அல்லவா, பில்டர் அந்தக் கதவு. இந்த ஆல்பத்தில் முதல் நாலு நிமிடமும் கதவு மெல்லத் திறந்துகொண்டே போகும். திறந்து முடிவதற்குள் நாங்கள் நிறுத்திவிடுவோம். வாசிப்பு அதோடு முடிந்துவிடுமே.

கேசட் வந்த கதை சிறியது. அண்ணாச்சியின் மச்சினர் ஒருவர் கப்பலில் போனார். 1985-இல் ஜெர்மனியின் எம்டன் துறைமுகத்தில் மாலுமிகள் விடுதியில் ஒரு வெள்ளைக்காரர் சும்மா கொடுத்தாராம். மச்சினருக்குப் பிடிக்கவில்லை. "ஐஸ் பேக்டரிக்குள்ள படுத்த மாரி இருக்கு" என்று அண்ணாச்சியிடம் தள்ளிவிட்டார்.

சேர்ந்த புதிதில் நான் கேட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"வாங்கின புதுசுல ஒருக்க போட்டுப் பாத்தேன். சிரிச்ச மாரி இருக்கும்லே. எழவுக்கு ஆவாது."

"நான் ஒருக்க கேக்கட்டா?"

"ஒருக்க ஓட்டினா ஒருக்க தேயும். நமக்குச் சோறு போடுத கேசட்டு அது. உனக்குச் சிரிக்கணும்னா சினிமாக்குப் போ."

அவர் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. கேசட் நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல் இரும்புத் துரு போன்ற பழுப்புப் பொடியைப் பசை கலந்து பூசியது. இசை பிளாஸ்டிக்கில் இல்லை, அந்தப் பொடியில் இருக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். எந்தத் துகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பாட்டு. ஓட்டும்போது நாடா, பதிவைப் படிக்கும் ஹெட்டில் உரசித்தான் ஆக வேண்டும். உரசினால் பொடி போகும். அதனால் இருபது வருடம் அந்தக் கேசட் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், முதல் நாலு நிமிடத்துக்கு மேல் நான் ஓட்டியதில்லை. ஒரு முறையும் திருப்பிப் போட்டதில்லை.

2013-இல் அண்ணாச்சி மாரடைப்பில் போனார். தொழிலை மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு ஆட்டோவை வாடகைக்குப் பிடித்து, புதுக் கேசட் எதுவும் கிடைக்காததால் ஜெர்மன் கேசட்டையே ஓட்டி, மைக்கை நானே பிடித்து அவர் பெயரைத் தெருத்தெருவாகச் சொன்னேன். சாயங்காலம் பெட்டியை மூடும்முன் அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா என்னைப் பார்த்தாள். கேசட் என் கையில் இருந்தது. அவர் சட்டப்படி அது இனி அவருடையது. பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன். அங்கே இருந்த அத்தனை பேரும் அது சரி என்றுதான் நினைத்தார்கள். நானும்தான்.

ஒன்பது வருடம் கழித்து டோபியாஸிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

டோபியாஸ் பிரெமன் நகரத்து இளைஞன். எண்பதுகளில் ஜெர்மனியில் யாரும் கவனிக்காமல் போன எலெக்ட்ரானிக் ஆல்பங்களைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுவது அவன் வேலை. வேலை என்பதைவிடக் கிறுக்கு என்று அவனே எழுதியிருந்தான். அண்ணாச்சியின் மகள் டெல்பின் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். சின்ன வயதில் முதல்முறை நற்கருணை வாங்கிய தன் புதுநன்மை விழாவின் பழைய வீடியோவை இணையத்தில் போட்டிருந்தாள். வெள்ளை உடுப்பும் மெழுகுவர்த்தியுமாகப் பிள்ளைகள் கோயிலுக்கு நடக்கும்போது பின்னால் ஒரு ஆட்டோ கடந்து போகிறது. பதினோரு வினாடி. அதைக் கேட்டுவிட்டுத்தான் டோபியாஸ் டெல்பினைப் பிடித்து, அவள் வழியாக என்னைப் பிடித்தான்.

ஆல்பத்தின் பெயர் 'வாட்டன்லிஷ்ட்'. கடல் வற்றிக் கிடக்கும் சேற்றுவெளியில் விழும் வெளிச்சம் என்று பொருளாம். செய்தவர் ராய்னர் ஹோல்ட்காம்ப், எம்டன் துறைமுகத்தில் கிரேன் மின்பணியாளர். 1984-இல் ஐம்பது கேசட் போட்டு, விற்காமல், தெரிந்தவர்களுக்கும் மாலுமிகளுக்கும் கொடுத்து முடித்தார். அவர் வைத்திருந்த மூலப் பதிவு நிலவறையில் தண்ணீர் ஏறியபோது போய்விட்டது. மற்ற நாற்பத்தொன்பதும் எங்கே என்று தெரியவில்லை. இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஞாபகம் கழன்றுகொண்டு வருகிறது. டோபியாஸ் ஒரு கீபோர்டை அவர் முன்னால் வைத்தால் ஆல்பத்தின் தொடக்கத்தை வாசிக்கிறார். அந்தத் தொடக்கத்தை வைத்துத்தான் வீடியோவில் இருந்ததை அவன் அடையாளம் கண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் ராய்னரின் கை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை. "இரண்டாம் பக்கம்தான் முக்கியம் என்கிறார். அதை ஒரு முறை கேட்க வேண்டும் என்கிறார். உங்களிடம் கேசட் இருக்கிறதா?"

நான் அந்த மின்னஞ்சலை வாசித்துவிட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிளாரன்ஸ் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எழவு மியூசிக்குக்குச் சொந்தக்காரன் உசுரோட இருக்கானா?"

"இருக்காரு அக்கா. வயசாயிட்டு."

"இத்தன வருசம் ஊர்ல எல்லாத்துக்கும் போட்டு அழுதாச்சு. போட்டவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான் பாரு." சீவுவதை நிறுத்தினாள். "அதுக்கு இப்ப என்ன?"

"கேசட்டு வேணுமாம்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் கேசட் என்று கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறை குடும்பத்துக்கு ஒன்று. இடம் கொஞ்சம், ஆள் நிறைய. அதே குடும்பத்தில் அடுத்தவர் இறந்தால் அதே குழியைத் திறந்து, முன்னவரின் எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்து, புதுப் பெட்டியை இறக்குவார்கள். அண்ணாச்சியின் கல்லறையில் அடுத்த இடம் அக்காவுடையது. கல்லிலேயே அவளுக்குப் பாதி இடம் வெறுமையாக விட்டிருந்தது.

"பங்குச் சாமியார்ட்ட எழுதிக் கேட்டா தொறக்க விடுவாவளாக்கும்னு..." என்று இழுத்தேன்.

"அவர் விடுவாரு. நான் விட மாட்டேன். ஒரு பாட்டுக்காவ அந்த மனுசன எழுப்பி வெளிய போடுவியா? எனக்கு ஒரு நாள் எப்பிடியும் தொறக்கணும்லா. அன்னைக்கு எடுத்துக்க. டெல்பின்ட்டயும் சொல்லி வைக்கேன்." மறுபடி செதிலைச் சீவினாள். "அதுவர அந்த வெள்ளைக்காரன இருக்கச் சொல்லு. இல்லன்னா என்னயச் சீக்கிரம் போகச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு அசிங்கமான விஷயம் தொடங்கியது. அக்கா தெருவில் எதிரே வந்தால் அவள் நடையைப் பார்த்தேன். இருமினால் என் மனம் எங்கே ஓடுகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. கோயில் படியில் கால் இடறினாள் என்று கேள்விப்பட்டபோது முதலில் எனக்குள் வந்தது கவலையா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. முதல் நாலு நிமிடம் எங்கள் ஊர்ப் பீரோக்களில் இருந்தது. ஒவ்வொரு கேசட்டிலும் இசைக்கு மேல் அண்ணாச்சியின் குரல். ஆனால் இசை எல்லாவற்றிலும் ஒன்று, பெயர்கள்தான் வேறு வேறு. பல கேசட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்திவிட்டால், ஒன்றில் அண்ணாச்சி பேசும் நொடியில் இன்னொன்றில் மூச்சு வாங்கியிருப்பார். ஒவ்வொரு நொடித் துண்டுக்கும் குரல் குறைவான கேசட்டிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் குரல் உதிர்ந்து இசை மட்டும் நிற்கும். பொருத்துவதுதான் பாடு. எந்த இரண்டு டெக்கும் ஒரே வேகத்தில் ஓடாது. அதற்கும் அந்த எட்டு ஸ்வர வட்டமே உதவியது. கருவி ஓட்டிய தாளம் என்பதால் அது பிசகாது, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

எழவு கேசட்டைக் கேட்டு வீடு வீடாகப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில வீடுகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மட்டக்கடைப் பகுதியில் ஆறுமுகத்தாய் என்ற அம்மாள் மட்டும் உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, கணவரின் கேசட்டை முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"இத வச்சு என்ன செய்வ?"

"பேச்ச எடுத்துட்டு மியூசிக்க மட்டும் பிரிப்பேன்மா."

"அவுக பேரு போயிருமோ?"

"இதுல இருக்கும். நான் பிரிச்சதுல இருக்காது. கேசட்ட அப்பிடியே திருப்பித் தந்துருவேன்."

"பேரு இல்லாம அத எவன் கேப்பான்?" என்றாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

பதினேழு கேசட் சேர்ந்தது. நாலு மாதம் உழைத்தேன். பதினேழு பேரின் பெயர்களும், தெருக்களும், மகன்களும் மருமகன்களும் உதிர்ந்தார்கள். ஒரே ஒரு வரி மட்டும் போகவில்லை. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு." அண்ணாச்சி எல்லா அறிவிப்பையும் அந்த வரியில்தான், இசை தொடங்கி ஒன்பதாவது வினாடியில்தான் தொடங்குவார். பதினேழிலும் ஒரே இடத்தில் இருந்ததால் அதையும் இசை என்றே என் முறை எடுத்துக்கொண்டது. பதினேழும் ஒரு நூல் முன்னே பின்னே சேர்ந்து, ஒரு கூட்டமே கிணற்றுக்குள் நின்று சொல்வது போல இருந்தது.

பிளாரன்ஸ் அக்காவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"பதினேழு கிளாட்வினா?"

"ஆமாக்கா."

"ஒண்ணயே சமாளிக்க முடியல" என்றாள். ஹெட்போனைக் கழற்றாமல் இன்னொரு முறை போடச் சொன்னாள்.

நாலு நிமிடத்தை டோபியாஸுக்கு அனுப்பினேன். அவன் ராய்னருக்குப் போட்டுக் காட்டி வீடியோ எடுத்து அனுப்பினான். வெள்ளைத் தாடியும் கம்பளிச் சட்டையுமாக, ஜன்னல் ஓரத்தில் ஒரு மெலிந்த மனிதர். இசை தொடங்கியதும் அவர் வலது கை தொடைமேல் நகர்ந்தது. தமிழ் வரி வந்தபோது தலையைச் சாய்த்து, கோழி பார்ப்பது போலப் பார்த்தார். நாலாவது நிமிடம் இசை அறுந்தது. அவர் டோபியாஸிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். டோபியாஸ் கீழே மொழிபெயர்ப்பு எழுதியிருந்தான்: "அப்புறம்?"

இதில்தான் நான் உடைந்தேன். நான் மீட்டுக்கொடுத்தது அவர் மறக்காமல் வைத்திருந்த அதே நாலு நிமிடத்தை. தொலைந்து போகாத ஒன்றைத் தேடி நாலு மாதம் செலவழித்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் அந்த மழை வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆறு கரையை உடைத்தது, ஊருக்குள் இடுப்பளவு தண்ணீர். அக்காவை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கல்லறைத் தோட்டம் வரை போய்ப் பார்த்தேன். குருசுகளின் தலை மட்டும் வரிசையாகத் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. எட்டு நாள் அப்படியே நின்றது.

நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். நாடாவின் பிளாஸ்டிக் பட்டை நூறு வருடம் தாங்கும். பொடியும் துருதானே, துரு மேலும் துருப்பிடிக்காது. பலவீனம் பசையில். ஈரம் பசைக்குள் இறங்கினால் அது இளகி, சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஐம்பது டிகிரிச் சூட்டில் எட்டு மணி நேரம் வைத்தால் ஈரம் வெளியேறி, சில நாளைக்காவது ஓடும் நிலைக்கு வரும். கேசட் கைக்கு வரும் நாளுக்கு அந்தச் சூடு எங்கள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று யோசித்து, மக்ரூன் என்ற முந்திரி இனிப்பு போடும் பேக்கரி வைத்திருக்கும் பொன்னுதுரையிடம் போனேன். மக்ரூனை எரியும் அடுப்பில் வைப்பதில்லை, தணல் அடங்கிய பிறகு வெறும் அடுப்புச் சூட்டில் காய வைப்பார்கள். மக்ரூனை எடுத்த பிறகும் அடுப்பு வெகுநேரம் இளஞ்சூடாக இருக்கும்.

"எழவு கேசட்ட என் அடுப்புல வைக்கணுமா? வெளங்கும்லே" என்றான் பொன்னுதுரை. "எந்த எழவு?"

"கிளாட்வின் அண்ணாச்சி எழவு."

"எங்கய்யாவுக்கும் அவருதான் சொன்னாரு. கொண்டா, வைப்போம்" என்றான்.

தண்ணீர் வடிந்தபின் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. டெல்பின் மஸ்கட்டிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தாள். நான் தினமும் போனேன். ஒரு நாள் ஆக்சிஜன் குழாயை விலக்கிக்கொண்டு அக்கா கேட்டாள்:

"வெள்ளைக்காரன் இருக்கானா?"

"இருக்காரு."

"அப்ப நான்தான் போல." டெல்பின் "சும்மா கெடம்மா" என்று அதட்டினாள். அக்கா என் கையைத் தட்டினாள். "மூஞ்சியத் தொங்கப் போடாதலே. நீயா என்னயக் கொல்லுத?"

பிப்ரவரி மூன்றாம் வாரம் இறந்தாள்.

அறிவிப்புக்கு வேறு யாரையும் விடவில்லை. பதினேழு பேரின் பெயரும் நீங்கிய அந்த நாலு நிமிடத்தைப் போட்டு, அதன்மேல் அக்காவின் பெயரை வாசித்தேன். முதல் வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்பதை அண்ணாச்சியே சொன்னார். ஆட்டோ போன தெருவெல்லாம் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அந்த இசையைக் கேட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. யார் என்று முதல் வரியிலேயே பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை குழியைத் திறந்தார்கள். டெல்பின் என் பக்கத்தில் நின்றாள். மணல் ஈரமாகக் கறுத்து வந்தது. பெட்டிப் பலகை தூளாகியிருந்தது. குழி வெட்டுபவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். பிறகு ஒரு செவ்வக மண்கட்டியைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, "இது என்னது?" என்று மேலே பார்த்தார்.

"மாமாட்ட குடுங்க" என்று என்னைக் காட்டினாள் டெல்பின்.

கூடு உடையவில்லை. ஐந்து திருகும் அப்படியே இருந்தன. லேபிள் கரைந்து போயிருந்தது. கண்ணாடி போன்ற நடுச் சன்னலைத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே நாடா சுற்று முழுதாக, கறுப்பாக, ஒழுங்காகத் தெரிந்தது. அந்த நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அக்காவை இறக்குவதற்கு முன்பே என் மனம் பேக்கரியில் இருந்தது.

முதலில் மண்ணிலிருந்து ஏறிய உப்பு போக வேண்டும். சுத்த நீரில் மூன்று நாள், நீரை மாற்றி மாற்றி வைத்தேன். பிறகு பொன்னுதுரையின் அடுப்பில், தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, கதவருகே ஸ்டூல் போட்டு எட்டு மணி நேரம். பிறகு ஒரு நாள் ஆற வைத்தேன். கடையில் டெல்பின் முன்னால் திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். புதுக் கூடு ஒன்று தயாராக இருந்தது. நாடாவின் நுனியைச் சாமணத்தால் பிடித்து இழுத்தேன்.

வந்தது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. டெல்பின் எதிரே வந்து குனிந்தாள். நான் நாடாவை விளக்குக்கு நேராகத் தூக்கினேன். விளக்கு தெரிந்தது. அந்தப் பக்கம் டெல்பின் முகம் தெரிந்தது.

"என்ன மாமா, பாடுமா?"

நாடா வழியாக முகம் தெரியக் கூடாது. பழுப்புப் பூச்சு மறைக்க வேண்டும். வந்தது வெறும் பிளாஸ்டிக் பட்டை. பூச்சு முழுவதும் சுற்றிலேயே, அடுத்த சுற்றின் முதுகில் ஒட்டி, அங்கிருந்து ஒரே கட்டியாகி நின்றுவிட்டது. இன்னும் இழுத்தேன். இன்னும் கண்ணாடியாக வந்தது. சுற்றின் பக்கவாட்டைத் தொட்டபோது ஈரமில்லாத பழுப்புப் பொடி விரலில் அப்பிக்கொண்டது. நாற்பது நிமிட இசையும் அங்கேதான் இருந்தது, ஒரு துகளும் தொலையவில்லை. ஆனால் எந்தத் துகளுக்குப் பக்கத்தில் எந்தத் துகள் என்ற வரிசை போய்விட்டது. எந்த நாட்டில் எந்தக் கருவியாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இதை டெல்பினுக்கு விளக்கமாகச் சொன்னேன். பாதியில் அவள், "சரி மாமா, சரி" என்று என் தோளைத் தொட்டாள். நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விரலைக் கழுவ மனம் வரவில்லை. ஆனால் சாப்பிட வேண்டுமே, கழுவினேன்.

டோபியாஸுக்கு எழுதினேன். புரிந்துகொண்டான். ராய்னரிடம் நீங்களே சொல்ல முடியுமா என்று கேட்டு, ஒரு ஞாயிறு மதியம் வீடியோ அழைப்பில் வந்தான். ராய்னர் முன்பு வந்த வீடியோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். மறுபடி திருகி மூடியிருந்த கேசட்டைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி மூடியைப் பார்த்தார். ஐந்து திருகையும் விரலால் எண்ணினார். பிறகு நீளமாகப் பேசினார்.

டோபியாஸ் ஆங்கிலத்தில் சொன்னான்: "கேசட் போனால் பரவாயில்லை என்கிறார். இருபது வருடம் உங்களிடம் இருந்ததே, நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்கிறார்."

பசை, ஈரம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேயும் பூச்சு, அதனால் நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்று தொடங்கினேன். டோபியாஸ் கையை உயர்த்தி நிறுத்தினான். "அவர் அதைக் கேட்கவில்லை."

"நான் கேட்டதில்லை" என்றேன். "ஒரு முறையும் திருப்பிப் போட்டதில்லை."

டோபியாஸ் என்னையே பார்த்தான். பிறகு குனிந்து அவர் காதில் சொன்னான். ராய்னர் முகம் மாறவில்லை, காத்திருந்தார்.

"கேட்டவர் ஒருவர் உண்டு" என்றேன். "இங்கே மரண அறிவிப்புச் செய்தவர். இரண்டாம் பக்கம் சிரிப்பது போல இருக்கும், எழவுக்கு ஆகாது என்று சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

டோபியாஸ் சொன்னதும் ராய்னர் சிரித்தார். பல் எல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினார். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். டோபியாஸும் சிரித்துவிட்டான். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

சிரித்து ஓய்ந்தார். கம்பளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் என் கையில் இருந்த கேசட்டைப் பார்த்தார். முதல் முறை பார்ப்பது போல முகம் மலர்ந்து, முன்னால் சாய்ந்து, டோபியாஸிடம் எதையோ கேட்டார்.

டோபியாஸ் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "இரண்டாம் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்."

மறுபடியும் சொன்னேன்.